அக்கா பேசிய கன்னடம்

வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்ல வேண்டும் என்பது நம்மில் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். மைசூரில் எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், குடியிருந்த அக்கா அதை அரிசியோடு நிறுத்தவில்லை. அதுதான் தொந்தரவு. தைலம் தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு, போனில் சார்ஜ் தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு, காஸ் தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு. ஒருமுறை சிலிண்டர் வண்டி வந்தபோது, “நிறைஞ்சிருச்சுன்னு அவருகிட்டச் சொல்லு கண்ணு” என்று என்னை அனுப்பினாள். நானும் என்ன நினைப்பிலோ அதை அப்படியே கன்னடத்தில் சொல்லிவைத்தேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். அந்த வாரம் அக்காவுக்கும் அவள் மகளுக்கும் என் அடுப்பில்தான் சமையல்.

எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகக் கத்தினேன். எனக்குக் கத்தத்தான் தெரியும். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களின் சண்டையை அடித்து அடித்து என் வாயும் அப்படியே ஆகிவிட்டது. அக்கா வெங்காயத்தை உரித்துக்கொண்டே, “உடு கண்ணு, நல்ல வார்த்தை சொன்னதுனால பட்டினி கெடந்தாலும் தப்பில்ல” என்றாள். கிடக்கவில்லையே, என் வீட்டில்தானே சாப்பிட்டாள்! அதைச் சொன்னால் சிரிப்பாள்.

அவள் முன்பு அப்படி இல்லை. மேட்டூர்ப் பக்கத்துப் பெண். கர்நாடக எல்லையில் இருக்கிற ராமாபுரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள். அண்ணனுக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை. அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றுதான், எதில் ஆரம்பித்தாரோ அதில் முடிக்க மாட்டார். அக்காவுக்கு வந்த புதிதில் ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. ஆனால் ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. நாலு மாதத்தில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். “இதுல என்ன கண்ணு இருக்குது? பானாவை எடுத்துட்டு ஹானாவைப் போட்டாக் கன்னடம். பால் ஹாலு, பூ ஹூவு, பணம் ஹண. அம்புட்டுத்தான்.” அந்தத் தைரியத்தில் மளிகைக் கடைக்குப் போய் ‘அரை கிலோ ஹருப்பு’ கேட்டாள். கடைக்காரர் கடை முழுக்கத் தேடினார், பாவம்.

அப்படித் தமிழை ஒடித்து ஒடித்து எல்லாரிடமும் பேசினாள். காய்கறி வண்டிக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், என் மாமியாரிடம்கூட. தப்பைச் சொன்னால் வெட்கப்படவே மாட்டாள். கெக்கெக்கே என்று சிரிப்பாள்.

அண்ணன் ஒரு லக்கேஜ் ஆட்டோ வாங்கக் கடன் எடுத்திருந்தார். சென்ட்ரிங் வேலை இல்லாத நாட்களில் ஓட்டலாம் என்று கணக்கு. ஜாமீனுக்கு அக்காவின் கையெழுத்து. ஆட்டோ ஓடியதைவிட மெக்கானிக்கிடம் நின்றதுதான் அதிகம். கடைசியில் அதை வந்த விலைக்குத் தள்ளினார். தவணை பாதியில் நின்றது. வசூலுக்கு ஆள் வர ஆரம்பித்தது. “வந்தா, நான் தீர்த்துக்குவேன்னு சொல்லு, வேலை வந்ததும் கட்டிடலாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குப் போனார்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அக்கா ஓடி வந்து மறித்துக்கொண்டாள். முகமெல்லாம் பல்.

“கண்ணு, இன்னிக்கு என்ற கன்னடத்தை நீ கேட்டிருக்கோணும். அந்த வசூல்காரப் பையன் அப்புடியே ஆடிப்போயிட்டான். தலையில இருந்த ஹெல்மெட்டைக் கழட்டி, கையெடுத்துக் கும்புட்டு, ‘க்ஷமிசி அம்மா’ன்னு மன்னிப்புக் கேட்டுட்டு, பைக்கைக்கூட இங்க ஸ்டார்ட் பண்ணாம முக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டே போறான்!”

“அப்படி என்ன சொன்னீங்க?”

“அவரே தீர்த்துக்குவாருன்னுதான். ‘அவரு தீர்கொண்ட்ரு, அவரு தீர்கொண்ட்ரு’ன்னு ரெண்டுவாட்டி சத்தமாச் சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கன்னடத்தில் ‘தீர்கொண்ட்ரு’ என்றால் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். மரியாதையான வார்த்தை வேறு. இதைச் சொன்னதும் அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து என் சிரிப்பும் நின்றுவிட்டது.

அண்ணன்தான் விழுந்து விழுந்து சிரித்தார். சிமெண்டுத் தூசியோடு வாசலில் நின்றுகொண்டே, “அப்ப நாளைக்கு எனக்கு லீவா? காரியத்துக்கு வடை போடுவியா?” என்றார். தெருவில் நாலு பேரிடம் அவரே சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் எல்லாரும் அவரைப் பார்த்ததும், “என்னண்ணா, மேல எப்படி இருக்கு க்ளைமேட்?” என்று கேட்பார்கள். அவரும் ஏதாவது பதில் சொல்வார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாயாடி, அதற்கப்புறம் அந்தப் பேச்சு வந்தாலே உள்ளே போய்விடுவாள்.

“நீங்க ஒருக்கா அந்த ஆபீசுக்குப் போயி, நான் உசுரோடதான் இருக்கறேன்னு சொல்லீட்டு வந்துருங்கொ” என்று தினமும் நச்சரித்தாள்.

“போனா உக்கார வெச்சுக் கட்டச் சொல்லுவான். செத்தவன்கிட்டத்தான் யாரும் கேக்க மாட்டான். கையில காசு வந்ததும் நானே போறேன், விடு.”

“காசு கெடக்கட்டும். வார்த்தையைத் திருப்பி எடுக்கோணுமுங்க.”

அண்ணன் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். வசூலுக்கும் யாரும் வரவில்லை. அப்படியே ஒரு வருஷத்துக்கும் மேல் போயிற்று. ஒரு மழை நாளில், ஈரச் சாரத்தில் கால் வழுக்கி, கட்டிக்கொண்டிருந்த மாடியிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் அக்கா அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ராமாபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள், ‘அழுதுரு சாமி, அழுதுரு’ என்று கையை விலக்கப் பார்த்தார்கள். விடவே இல்லை. அவள் எதற்காகப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் நான் சண்டைக்கே போனேன். “பைத்தியமா அக்கா உங்களுக்கு? நீங்க கன்னடத்துல உளறினது சாரத்துக்கு எப்படிக் கேக்கும்? மழை பெஞ்சது, வழுக்கினது. அஷ்டே, அவ்வளவுதான்!”

“ஒரு வருசம் இருந்துச்சு கண்ணு. ஒரு வருசம். திருப்பி எடுத்திருந்தா நின்னிருக்கும்.”

எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

அன்றிலிருந்து கன்னடத்தை அறவே விட்டாள். சந்தைக்குப் போனால் விரலால் காட்டுவாள். பஸ்ஸில் சில்லறையை நீட்டி, இறங்கும் இடம் எழுதிய துண்டுச் சீட்டைக் காட்டுவாள். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற வேலைக்குப் போனாள். ஏன் அக்கா அந்தக் கஷ்டம், எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே கூட்டிப் பெருக்குகிற வேலை இருக்கிறதே என்றால், “அண்டாகிட்டப் பேச வேண்டியதில்லையல்லோ” என்பாள்.

தமிழிலும் ஒவ்வொரு வார்த்தையையும் கல் பொறுக்குவது போலப் பொறுக்கித்தான் பேசினாள். மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து ‘நான் செத்தேன்’ என்று சொல்லிவிட்டால் போச்சு. அங்கேயே நிறுத்தி, “திருப்பி எடு” என்பாள். அந்தப் பெண் கண்ணில் நீர் முட்ட, ‘நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். எனக்கும் அதே தண்டனைதான். ‘பசி உயிர் போகுது அக்கா’ என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பாள். நான் திருப்பி எடுத்த பிறகுதான் சோறு விழும். டிவி சீரியலில் மாமியார் மருமகளைச் சபிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். இவள் வீட்டில் சீரியல் பார்ப்பது என்பது சும்மா வாய் அசைவதைப் பார்ப்பதுதான்.

அண்ணன் போனதற்கு மேஸ்திரி கொடுத்த நஷ்டஈடு, அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்தது எல்லாவற்றையும் திரட்டித்தான் இப்போது இருந்த வீட்டை லீசுக்குப் பிடித்திருந்தாள். எங்கள் ஊரில் அது ஒரு ஏற்பாடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி பண்ணும்போது தொகை முழுசாகத் திரும்ப வரும். மகளை நர்சிங் சேர்ப்பதற்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

பல வருஷம் கழித்து, போன வருஷம், அந்த லக்கேஜ் ஆட்டோக் கடன் திரும்ப வந்தது. பழைய கம்பெனி அதை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். கடனையும் விற்பார்கள், வாங்குவார்கள் என்று அக்காவுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் போன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளே வந்தார். நடுவயசு, தமிழர்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து அமைதியாக உட்கார்ந்தார். சத்தம் போடுகிற ஆளாக இருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் வாங்கினது, நீங்க ஜாமீன். வட்டியோட சேர்ந்து நிறைய ஆயிடுச்சு. பேசி முடிச்சுக்கலாம்னு வந்தேன்.”

“அவரு இல்லீங்களே...” என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தினாள். உள்ளே போய் இறப்புச் சான்றிதழை எடுத்து வந்து நீட்டினாள். எதையும் காட்டாதீர்கள் என்று நான் ஜாடை காட்டியதைப் பார்த்தால்தானே!

அவர் அதைப் பார்த்தார். தன் போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். “இது சரியா இல்லையேம்மா. எங்க ரெக்கார்டுல இதுக்கு முந்தின வருஷமே இறந்துட்டார்னு இருக்கு. நீங்களே சொன்னதா எழுதியிருக்கு. அப்போ அவர் உயிரோட இருந்தாரா?”

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உயிரோட இருக்கிறவரை இறந்துட்டார்னு சொல்லியா அனுப்பினீங்க?” அவர் அதை அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை.

நான்தான் எழுந்து கத்தினேன். வெளியே போங்கள் என்றேன். போனார். ஆனால் போகும்போது என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். எந்த இடத்தில் தட்டினால் இவள் உடைவாள் என்று அப்போதே தெரிந்துகொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் எங்கள் வக்கீல் ஸாரிடம் கேட்டேன். அவர் காபியைக் குடித்துக்கொண்டே, கடைசித் தவணை கட்டி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் வாங்க முடியாது, இது எப்போதோ தாண்டிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். “ஆனால் ஒரு விஷயம். கட்டுகிறேன் என்று எழுதிய எதிலும் அந்தம்மா கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அது புதுக் கடன் மாதிரி. செத்த பாம்பு எழுந்து உட்காரும்.”

நான் பதில் கடிதம் அடித்துக்கொண்டு போனேன். இப்படி ஒரு கடனை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் அது காலங்கடந்தது, இனி வீட்டுக்கு வராதீர்கள் என்று. வாசித்துக் காட்டினால் அக்கா முதல் வரியிலேயே கையை எடுத்துவிட்டாள்.

“வாங்குனது நெசந்தானே கண்ணு?”

“நெசம்தான் அக்கா. இது லெட்டர்ல எல்லாரும் எழுதறது. சும்னெ ஒரு பேச்சு.”

“சும்மா ஒரு பேச்செல்லாம் எனக்கு வேண்டாம்.”

திரும்பப் போய் அடித்தேன். காலங்கடந்துவிட்டது என்பதை மட்டும் வைத்தேன். “ஆமா, கடந்துதானே போச்சு” என்று அதற்குக் கையெழுத்துப் போட்டாள். கடிதம் போனது. போன் நின்றது. தசரா வந்தது, ஊரெல்லாம் விளக்கு. நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன். “பாத்தீங்களா, எப்படி அடங்கினான்!” என்று அவளிடம் இரண்டு மூன்று தடவை பீற்றிக்கொண்டேன்.

தசரா முடிந்த வாரம் ஒரு நாள் சாயந்திரம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணன் போட்டோவுக்குப் புதுப் பூ. போட்டோவுக்குக் கீழே ஒரு காகிதம், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கன்னடத்தில் நாலு வரி. அடியில் அக்காவின் கோணல் தமிழ்க் கையெழுத்து.

“மத்தியானம் அந்தக் கடன் கம்பெனித் தம்பி வந்திருந்தாப்டி” என்றாள். “தமிழ்ல எல்லாத்தையும் பொறுமையாப் படிச்சுக் காட்டுனாப்டி. என்ற ஊட்டுக்காரரு செத்துட்டாருன்னு அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அன்னைக்கு அவரு உசுரோட இருந்தாரு. அவரு வாங்குன கடன் நிக்குது. அதை நான் கட்டறேன். இம்புட்டுத்தான் எழுதியிருக்குது.”

“நான் எத்தனை தடவை சொன்னேன்? கையெழுத்துப் போடாதீங்க போடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!” என் தொண்டை கிழிந்தது.

“சொன்னே. இல்லீன்னு சொல்லலே. அந்த ரெண்டாவது வரியை மட்டும் இன்னொருக்காப் படிங்கன்னேன். படிச்சாப்டி. இன்னொருக்காப் படிங்கன்னேன். அதுக்கும் படிச்சாப்டி.” அவள் முகத்தில் வருஷக்கணக்காக நான் பார்க்காத ஒரு அமைதி இருந்தது. “இத்தனை வருசமா எங்க போயித் திருப்பி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலே கண்ணு. அந்த ஆபீசு எங்கிருக்குதுன்னுகூடத் தெரியாது. அவுங்களே ஊடு தேடி வந்து கேக்கறாங்க. அன்னைக்கு உசுரோடதான் இருந்தாரு. நெசந்தானே? இதுக்குப் போடாம வேற எதுக்குப் போடறது?”

எனக்கு அழுகையாக வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. அந்த மனிதர் சாமர்த்தியசாலி. கடனைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகப் பேசாமல், இந்த ஏமாளிக்கு எது வேண்டுமோ அதை எழுதிக்கொண்டு வந்து, அதற்கு வாலாகக் கடனைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மாசத்துக்குள் நோட்டீஸ் வந்தது. அதில் இருந்த தொகைக்கு லீசுப் பணம் முழுசாகப் போனாலும் போதாது.

வக்கீல் ஸார் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். “அந்தம்மாவுக்குக் கன்னடம் வராது என்று ஊருக்கே தெரியும். எழுதியிருந்தது கன்னடம். என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை என்று அவங்க சொன்னால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பீஸ்கூட வேண்டாம்.”

எனக்கு உயிர் வந்தது. அப்படியே ஓடினேன். அக்கா சமையல்கட்டில் இருந்தாள். மகள் முன்னறையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை அக்கா, தெரியாமல் போட்டேன் என்று ஒரு வார்த்தை, உங்கள் வீடு தப்பும், இவள் படிப்பு தப்பும், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

“படிச்சுக் காட்டுனாப்டியே கண்ணு.”

“காட்டலேன்னு சொல்லுங்க. யாருக்கு என்ன நஷ்டம்? அந்த ஆள் என்ன அரிச்சந்திரனா?”

அக்கா எட்டி முன்னறையைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சமையல்கட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“போன தடவை தெரியாமத்தான் சொன்னேன். அதுக்கே அவரு போயிட்டாரு. இந்தத் தடவை தெரிஞ்சே சொல்லச் சொல்றே. இப்ப எங்கிட்ட மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதானே, கண்ணு.”